மிதிக்க ஒரு கோழி இல்லை

லோய்மா. பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்து நாலு,
கொட்டகைக்குள் முப்பத்து நாலு.
இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு,
ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு,
தெர்ஹி.

நாலரை மணிக்கு யோர்மாவின் வண்டி
பின்பக்கமாக ஊர்ந்து வருகிறது.
பெட்டி பெட்டியாக இறக்குகிறான்
நேற்றுப் பிறந்த இருபத்திரண்டாயிரத்தை.
இயந்திரத் தட்டில் ஓடு உடைத்தவை.
இறகின் சூடு இன்னதென்று
எதற்கும் தெரியாது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்போம்.
மிதிக்க இங்கே கோழி ஏது?
மிதித்திருந்தால்
அவள் காலில் ஒட்டிய எச்சத்தைக் கொத்தியிருக்கும்.
அந்த அழுக்கிலிருந்து ஒரு ஊரே கிளம்பி
வயிற்றில் குடியேறியிருக்கும்.
பிறகு வரும் திருட்டுக் கிருமி
ஒவ்வொரு கதவாகத் தட்டி
எல்லா வீட்டிலும் ஆள் இருக்கக் கண்டு
திரும்பிப் போயிருக்கும்.
இவற்றின் குடலோ
வெள்ளையடித்துப் பூட்டாமல் விட்ட வீடு.

ஆகவே பொட்டலம்.
எங்கோ ஓர் ஆரோக்கியமான கோழியின்
குடலிலிருந்து எடுத்து
வளர்த்து உலர்த்திய பொடி.
தாயின் அழுக்கு, சீல் வைத்தது,
காலாவதித் தேதியோடு.
முதல் தீனிக்கு முன்னால்
முதல் தண்ணீரில் போய்ச் சேர வேண்டும்.

தண்ணீரில்தான் சிக்கல்.
நேற்று மாலை நகராட்சியின் குறுஞ்செய்தி:
குழாய் உடைப்பு, ஒரு வாரத்துக்குக் குளோரின் கூடுதல்.
குளோரினுக்கு
நல்ல கிருமி கெட்ட கிருமி பார்க்கத் தெரியாது.
கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை.
ஆற்றில் பனியை உடைத்து அள்ளலாமே என்றான் ஓஸ்ஸி.
இலையுதிர் காலமெல்லாம்
காட்டு வாத்து பேண்ட ஆறு என்றாள்.

சமையலறை அலமாரியில்
பன்னுக்கென்று வைத்திருந்த ஆடை நீக்கிய பால்பொடி.
பால் குளோரினைத் தின்றுவிடும்.
ஒரு பாக்கெட் போதவில்லை.
பக்கத்துப் பண்ணை சிர்க்காவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி
இன்னொன்று.
தொட்டியில் கொட்டிக் கலக்கினாள்,
கால் மணி நேரம் காத்திருந்தாள்,
பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள்.
முலையே இல்லாத இனத்துக்குப்
பால்.
பூனையா வளர்க்கிறோம் என்று ஓஸ்ஸி சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு குஞ்சு குனிந்தது.
அலகை நனைத்துத் தலையை உயர்த்தி
மேலே பார்த்து விழுங்கியது.
பக்கத்தில் இருந்தது அதைப் பார்த்தது.
பிறகு கொட்டகை முழுக்க
மழை தொடங்குவது போல
மூக்குத் தட்டும் சத்தம்.

இரவு பத்து மணிக்கு
ஒன்றை எடுத்துக் காலைத் தன் கன்னத்தில் வைத்தாள்.
சூடு இருக்கிறது.
விரலால் இரைப்பையைத் தடவினாள்.
ஊறவைத்த பயறு போல மெத்தென்று இருக்கிறது.
தொப்புளுக்குள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் கரு,
மூன்று நாளைக்கான கட்டுச்சோறு.
அதற்குள் ஊர் குடியேறிவிட வேண்டும்.

நாலாம் நாளிலிருந்து தீனியில் பியூட்டிரிக் அமிலம்.
குடல் சுவருக்கு நல்லது, மூக்குக்கு அல்ல.
புளித்த வாந்தியின் வாடை
தலைமுடியில் ஏறிக்கொள்ளும்.
கூட்டுறவுக் கடை வரிசையில்
முன்னால் நின்ற அம்மாள் தன் குழந்தையின் அரையாடையைச்
சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்தாள்.
தெர்ஹி ரொட்டி விலையைப் படித்தாள்.

ஏழாம் நாள் குறிப்பேடு.
இறந்தவை: நூற்று நாற்பத்து மூன்று.
போன தடவை இருநூற்று அறுபது.
கீழே விரித்த கரிமண் காய்ந்திருக்கிறது,
எச்சம் கட்டியாக விழுகிறது.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பொடியா, பாலா,
புதிதாக மாட்டிய மின்விசிறியா?
சிர்க்கா எதுவும் கொடுக்கவில்லை.
அவள் குஞ்சுகளும்
ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.
'தெரியாது' என்று எழுதி
அடிக்கோடிட்டாள்.

மிஞ்சிய பொட்டலம் ஒன்று குளிர்ப்பெட்டியில்.
அதன் காலாவதி நவம்பர்.
இவற்றின் லாரி மார்ச்சில்.
முப்பத்தேழு நாளைக்கும்
வயிறு வயிறுதானே என்று
கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது.
சிர்க்கா.
எல்லாம் சரிதான்,
என் பால்பொடியை எப்போது தருவாய்?